எந்தக் கால் முன்னால்?

அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் துருவி. சின்ன வயதில் கடிகாரம், ரேடியோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்த்தவள். "இவ கைபட்டது எதுவும் முழுசா இருக்காது" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்த நோண்டும் புத்திதான் அவளை மரச்சாமான் பட்டறையின் கணினிமுன் உட்கார வைத்தது. மரத்தை அறுக்கும் முன்பே நாற்காலியையும் அலமாரியையும் திரையில் காட்டும் நிரலை, இரண்டு வருடம் மண்டையை உடைத்து அவளே எழுதியிருந்தாள்.

அதன் சூட்சுமம் எளிது. தூரத்துப் பலகையை முதலில் தீட்டு, கிட்டத்துப் பலகையை அதன்மேல் தீட்டு. மறைய வேண்டியது தானாக மறைந்துவிடும். அலமாரிகள் சமர்த்தாக நின்றன. வம்பு பண்ணியது ஒரு முக்காலி. ஒவ்வொரு காலும் அடுத்த காலுக்கு முன்னால் சாய்ந்து நிற்கும் முக்காலி அது. திரையிலோ ஒரு கால் வீம்புக்கென்றே மற்ற இரண்டையும் மறைத்துக்கொண்டு நின்றது.

"நாலு மணிக்கு இந்த முக்காலி கேட்ட அம்மா வராங்க. படம் சரியா வரலைன்னா இந்த ப்ரோக்ராமை மூட்டை கட்டிடலாம். பழையபடி கையிலயே வரைஞ்சுக்குவோம்" என்றார் முதலாளி.

அவளுக்குப் பயத்தைவிட, ஏன் இப்படி என்ற குடைச்சல்தான் பெரிதாக இருந்தது. தச்சரிடம் மூன்று குச்சிகள் வாங்கி, ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் ஏறும்படி முக்கோணமாகப் பின்னி வைத்தாள்.

"அண்ணே, இதுல எது எல்லாத்துக்கும் அடியில இருக்கு?"

"இது ஒரு கேள்வியாம்மா? இதோ, இது..." என்று ஒன்றைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். "இல்லையே, இது அதுக்கு மேல கெடக்கு. அப்ப அது... அட, சுத்திச் சுத்தி வருதே!"

அப்படியானால் முதலில் தீட்ட எதுவுமே இல்லை. கேள்வியே தப்பு! முழுக் குச்சியைப் பார்த்து முன்னா பின்னா என்று கேட்டால் பதில் வராது. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அந்த இடத்தில் கண்ணுக்குக் கிட்டே இருக்கும் காலின் நிறத்தையும் தூரத்தையும் குறித்துக்கொள். அதைவிடக் கிட்டே இன்னொரு கால் வந்தால் மட்டும் மாற்று.

மதியச் சாப்பாட்டை மறந்து எழுதினாள். நாலு மணிக்குத் திரையில் மூன்று கால்களும் அதனதன் இடத்தில் நின்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாடிக்கையாளர் அம்மா முக்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கே! சரி, இதே காலை மரத்துக்குப் பதிலா கண்ணாடியில செஞ்சா எப்படி இருக்கும்?"

கண்ணாடியா? அப்படியானால் கிட்டே இருப்பது தூரத்தில் இருப்பதை மறைக்கக் கூடாதே! துருவி வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"எங்க ப்ரோக்ராம் காட்டும்மா. ஒரு வாரம் மட்டும் டைம் கொடுங்க."