யெலெனா அனுப்பிய ஜாடி

நான் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தேன். அவளை நேரில் பார்த்ததுகூட இல்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... தெரிந்தே செய்தேன்!

என்னைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் சாஃப்ட்வேர் வேலை, சனிக்கிழமை கோயில், யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள். என் மகள் இனியா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கூடைப்பந்து என்றால் அவளுக்கு உயிர்.

அவளுடைய பயிற்சியாளர் மிலோஷ், செர்பியாக்காரர். துணைப் பயிற்சியாளர் இவானா, குரோஷியாக்காரி. இவர்கள் குழந்தைகளாக இருந்தபோது இரண்டு நாட்டாரும் போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். இவானாவின் அப்பா அந்தச் சண்டையிலிருந்து திரும்பவே இல்லை. அதனால் ஜிம்முக்குள் அரசியல் கிடையாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

மிலோஷ் ஒரே ஒரு முறை அந்தப் பேச்சை மீறினார். செர்பியாவில் அப்போது மாணவர்கள் அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியிருந்தார்கள். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. ரயில் நிலையக் கூரை இடிந்து இறந்துபோனவர்களுக்காகச் சாலையை மறித்துப் பேசாமல் நிற்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும், ஜிம் வாசல் பார்க்கிங் லாட்டில் மிலோஷும் கையில் ஓர் அட்டையுடன் அப்படி நின்றார். சற்று நேரத்தில் இவானா தானாக வந்து அவர் பக்கத்தில் நின்றாள்! குரோஷியாக்காரப் பெற்றோர் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரை எடுத்தார்கள். அவள் அசையவில்லை.

நான் படம் எடுத்தேன். மிலோஷ் அதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"இதை எங்கேயும் போஸ்ட் பண்ணிடாதீங்க, ப்ளீஸ். என் தங்கை யெலெனா அங்கே கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர். ஸ்டூடண்ட்ஸ் பக்கம் நிக்கிற டீச்சர்ஸை வேலைய விட்டு எடுக்கிறாங்க. என்னால அவளுக்கு எதுவும் வந்துடக் கூடாது."

"சேச்சே, நான் எதுக்குப் போடப்போறேன்?" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் மாநிலப் போட்டிக்கான அணியை அறிவித்தார். இனியாவின் பெயர் இல்லை. காரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதவள், வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. என் பிள்ளையை அழவைத்துவிட்டு இந்த ஆள் நிம்மதியாக இருப்பதா?

ஃபோனை எடுத்தேன். ஊரே பார்க்கும்படி எங்கள் டீமின் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டேன். 'எங்கள் கோச்சை நினைத்துப் பெருமைப்படுகிறேன்' என்று எழுதி, இதயமும் வைத்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே... அதுதான்! திட்டி எழுதியிருந்தால் மாட்டியிருப்பேன். பாராட்டுகிறவளை யார் சந்தேகப்படுவார்கள்?

அதோடாவது நின்றேனா? முகப்படம் இல்லாத யாரோ ஒருவர் கீழே செர்பிய மொழியில் ஏதோ கேட்டிருந்தார். மொழிபெயர்ப்பை அழுத்திப் பார்த்தேன். 'இவர் டீச்சர் யெலெனாவின் அண்ணன்தானே?'

என் விரல் தயங்கியது... இல்லை, உங்களிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? தயங்கவே இல்லை. 'ஆமாம்! அருமையான குடும்பம்!' என்று பதில் எழுதினேன்.

என் அப்பாவும் அரசுப் பள்ளி ஆசிரியர்தான். ஒரு வேலைநிறுத்தத்தில் அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். ஈரோட்டில் எங்கள் வீடு அப்போது பட்ட பாடு எனக்குத் தெரியும். கடைக்காரர் முகம் கொடுக்காததும், அப்பா வெளியே போகவே கூசியதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் எழுதினேனே! நான் என்ன பிறவி?

விடிந்ததும் பயம் வந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். அழித்து என்ன பயன்? கொஞ்ச நாளில் யெலெனாவின் வேலை போய்விட்டது.

மிலோஷ் என்மேல் கோபப்படவில்லை. "நீங்க அன்பாலதானே போட்டீங்க. நான் சொன்னது மறந்திருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றினார்... அவர் என்னையா தேற்றுவது! அவர் மன்னித்தது ஞாபகமறதிக்காரி ஒருத்தியை. அவள் நான் இல்லை.

இவானா தேற்றவில்லை. நான் அழிப்பதற்கு முன்பே அவள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். "கேட்டவனுக்கு ஏன் ஆமாம்னு சொன்னீங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். நான் இனியாவைக் கூப்பிட்டுக்கொண்டு காருக்கு நடந்தேன். அவள் மிலோஷிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? எப்போது சொல்வாள்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இனியாவுக்கு ஜிம் கதவைத் திறந்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

போன வாரம் மிலோஷ் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, வதக்கிச் செய்கிற விழுது. யெலெனா இப்போது வீட்டில் இதைச் செய்துதான் விற்கிறாளாம். ஊரிலிருந்து வந்தவரிடம் எனக்கென்று கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"'என் அண்ணனை நினைச்சுப் பெருமைப்பட்டாங்களே, அவங்களுக்குக் குடு'ன்னு சொன்னா" என்றார். பிறகு, "அடுத்த மாசம் அவளைப் பார்க்கப் போறேன். ஏர்போர்ட்லயே பிடிச்சு விசாரிச்சாலும் விசாரிப்பாங்க" என்று சிரித்தார். பக்கத்தில் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்த இவானா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

ஜாடியை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இன்று காலை இனியா அதைக் கண்டுபிடித்து, தோசைக்குத் தொட்டுக்கொண்டாள்.

"அம்மா, திஸ் இஸ் ஸோ குட்! கோச் போறப்ப அந்த ஆன்ட்டிகிட்ட இன்னொண்ணு கேக்கலாமா?"

"கேக்கலாம் கண்ணு" என்றேன்.

"நீ ட்ரை பண்ணவே இல்லையே" என்று ஒரு துண்டு தோசையில் அதைத் தடவி என் வாயருகே நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன். நன்றாகத்தான் இருந்தது.