வாயில் தெரிந்த வெள்ளை

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். தாய்ப்பால், மார்பு, எரிச்சல்... இதையெல்லாம் ஒரு குடும்பப் பெண் பத்திரிகையில் எழுதுவதா? போன வாரம் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் ஒரு இளம் தாய் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பார்த்தேன். தயக்கம் போய்விட்டது.

சிங்கப்பூரை ஜப்பான்காரன் ஆண்ட காலம். டோபி காட் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தோம். மூத்தவன் கைக்குழந்தை. டின் பால் கண்ணில் படாது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு நான் கொடுக்கும் பால்தான் அவனுக்கு எல்லாம். திடீரென்று அதையும் மறுத்தான். வாய் வைப்பான், வீறிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். எனக்கோ மார்பில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். யாரிடம் சொல்வது?

அவன் நாக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. யாரும் பயப்படவில்லை. ஏன் தெரியுமா? என் வீட்டுக்காரர் தினமும் பூஜை முடிந்ததும் அவன் நாக்கில் துளி திருநீறு வைப்பார். வெள்ளையைப் பார்த்து அவருக்கு ஒரே பூரிப்பு — நாள் முழுக்க முருகன் பிள்ளை வாயிலேயே நிற்கிறானாம்.

பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தான். கடைசியில் அவரே போய் அடுத்த அறை நர்ஸ் அன்னம்மா அக்காவை அழைத்து வந்தார். அக்கா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். விரலில் ஈரத்துணி சுற்றி, நாக்கை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"திருநீறா இருந்தா துடைச்சதும் வந்துரும் தம்பி. இது வரல பாருங்க, பூஞ்சை. இனிமே நெத்தியில மட்டும் வைங்க. உங்க முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார். "உனக்கும் எரியுதாம்மா?"

தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. பாலை நிறுத்தச் சொல்வாரோ என்று பயம். நிறுத்தினால் பிள்ளைக்கு வேறு என்ன இருக்கிறது?

"நிறுத்தாத. ரெண்டு பேருக்கும் ஒண்ணா மருந்து போடணும். புள்ளைக்கு மட்டும் போட்டா நீ அவனுக்குத் திருப்பிக் குடுப்ப, அவன் உனக்குக் குடுப்பான். உங்க கொடுக்கல் வாங்கல் தீரவே தீராது."

ஜப்பான் சண்டைக்கு முன்பே வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த ஊதா மருந்தைப் பிள்ளை வாயிலும் என் மார்பிலும் தடவினார். துணிகளைக் கொதிக்க வைத்து வெயிலில் காயப்போடச் சொன்னார். பிள்ளை நாவற்பழம் தின்றவன் மாதிரி இருந்தான். என் ரவிக்கையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஒரு காலையில் வாய் வைத்தவன் முகத்தைத் திருப்பவில்லை. எனக்கும் எரியவில்லை. வயிறு நிறையக் குடித்துத் தூங்கினான். முருகனுக்கு நன்றி சொன்னேன். அக்காவின் மாதாவுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

இப்போது வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. டாக்டரைக் கேளுங்கள்.

இந்தக் கதையை என் வீட்டுக்காரரும் ஊரெல்லாம் சொல்வார் — வெட்கப்பட்டு, எனக்கு மருந்து போட்டதை மட்டும் விட்டுவிடுவார். அதைக் கேட்டுப் பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டு, மறுபடி அவதிப்பட்டவர்கள் உண்டு.

நீங்கள் நாலு பேருக்குச் சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, அம்மாவைக் குறைத்துவிடாதீர்கள்.