ரயிலில் கட்டிய தூளி

கொடைரோடு ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. சிக்னல் இன்னும் விழவில்லை. எதிர் சீட்டில் திருநெல்வேலிக்குப் போகும் பெண்ணின் கைக்குழந்தை திண்டுக்கல்லிலிருந்தே அழுதுகொண்டு வருகிறது. அவள் தன் துப்பட்டாவை மேல் பர்த்துக் கம்பியில் தூளியாகக் கட்டிப் பார்க்கிறாள். வழுவழுப்பான துணி, முடிச்சு நிற்கவில்லை.

என் பையில் புதுச் சுங்குடிச் சேலை இருக்கிறது. மதுரையில் மகள் வீட்டு விசேஷத்துக்கு, இறங்குமுன் மாற்றிக்கொள்ள எடுத்து வந்தது. உடுத்தியிருப்பது சாயம் போன பழசு. எனக்குப் புது ஆட்களிடம் சட்டென்று பேச வராது. பேசாமல் பாத்ரூமுக்குப் போய்ச் சேலை மாற்றி வந்து, பழசை அவளிடம் நீட்டுகிறேன்.

"நல்லாருக்கே ஆத்தா. புதுசு உங்களுக்கு, பழசு எம்பிள்ளைக்கா?" என்று சிரிக்கிறாள்.

"புதுசுல கஞ்சி மொடமொடன்னு இருக்குத்தா, பிள்ளையை உறுத்தும். இம்புட்டு மெத்துனு ஒரு சேலை எந்தக் கடையிலயும் கிடைக்காது. துவைச்சுத் துவைச்சு நான் ஆக்கினது."

நானே இறுக்கி முடிச்சுப் போடுகிறேன். நாலு ஆட்டு ஆட்டியதும் குழந்தை விசும்பி, அடங்கித் தூங்கிப் போகிறது.

"மதுரையில நீங்க இறங்கணுமே. சேலை?"

"அவன் தூங்கட்டும். அவுக்காத."

சத்தமாகக் கூவிக்கொண்டு வந்த டீக்காரர், தூளியைக் கண்டதும் குரலை இறக்கி, என் காதருகே குனிந்து, "டீ வேணுமாம்மா?" என்கிறார். வண்டி நகர்கிறது. அந்தப் பக்கம் போகிற ஒவ்வொருவரும் தூளியில் இடித்துவிடாமல் ஒதுங்கிப் போகிறார்கள். என் சேலைக்கு இம்புட்டு மரியாதையா என்று வாங்கிய டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.