விளையாட்டிலிருந்து எடுத்த மூடுபனி

காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தம்பியும் நானும் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தோம். மூன்று கம்ப்யூட்டர்கள், எல்லாமே சேலத்தில் பழையதாக வாங்கியவை. நான் பத்தாவதோடு நின்றவள். புது ஆள் வந்தால் முகம் பார்த்துப் பேசக் கூச்சம். அதனால் டைப் அடிப்பதும் பிரிண்ட் எடுப்பதும் என் வேலை, பேச்செல்லாம் தம்பி வேலை.

அவனுக்கு ஒரு விளையாட்டின்மேல் பித்து. மலைப்பாதையில் லாரி ஓட்டி ஊர் ஊராகச் சரக்கு இறக்குகிற விளையாட்டு. அதற்கு முதலாளி கிடையாது. பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதியது. அதன் நிரல், அதாவது புரோகிராம், எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் புதிதாக ஒன்றை எழுதி அனுப்பலாம். அது பொது நிரலில் இருக்கலாமா என்று மெயிலில் பேசி முடிவு செய்வார்கள்.

தம்பி மூடுபனியை எழுதினான். மலைமேல் எங்கள் சொந்த ஊரான வளப்பூர் நாட்டில் மிளகுக் கொடிகளுக்குள் இறங்குவதுபோல விளையாட்டிலும் திடுமென்று இறங்கும். அடுத்த வளைவு தெரியாது. எதிரே வருகிற லாரியின் ஹாரனைக் கேட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போதுதான் ஒரு மெயில் வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னான். மூடுபனி இறங்கினால் பழைய கம்ப்யூட்டர்களில் விளையாட்டு திணறுகிறதாம். பொது நிரலிலிருந்து எடுத்துவிடலாமா, எழுதியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டிருந்தார்கள்.

"என்னன்னு பதில் போடட்டும் சாமி?"

"ஒண்ணும் போடாதக்கா. பேசாம இரு. இஷ்டமில்லைன்னு அவங்களே தெரிஞ்சுக்குவாங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். பெண் கேட்டோ காட்டை விலைக்குக் கேட்டோ வந்தவர்களிடம் முகத்துக்கு நேரே முடியாது என்பது மரியாதை இல்லை. காப்பித்தண்ணி கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்போம். சம்மதம் என்றால்தான் வாய் திறப்போம். வந்தவர்கள் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இங்கிலீஷில் எழுத வேண்டியதில்லை என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நாளில் இன்னொரு மெயில் வந்தது. சின்னதுதான், தட்டுத்தடுமாறி நானே படித்தேன். எழுதியவர் மறுக்கவில்லை, ஆகவே எடுத்துவிட்டோம், நன்றி என்று இருந்தது.

"எடுத்துப்போட்டாங்க சாமி" என்றேன்.

அவன் சிரித்தான். "காப்பித்தண்ணி குடுக்காம உட்டுட்டமேக்கா. பின்ன அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கை வீங்கியிருந்தது. அதைத் தூக்கிக் காட்டிச் சொன்னான்: "இது வத்தட்டும். ஊட்டுக்கு வந்து, பழைய மெஷின்லயும் ஓடற மாதிரி எழுதிக் குடுக்கறேன். அப்ப வெச்சுக்குவாங்க."

அவன் எழுதவில்லை. மலைக்கு அவனைக் கொண்டுபோன அன்று, வண்டிக்காரர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறினார்.

பிற்பாடு நானே அகராதியை வைத்துக்கொண்டு அவர்களுக்கு எழுதினேன். தம்பி இல்லை என்றும், அன்று பேசாமல் இருந்தது சம்மதத்தால் இல்லை என்றும் எழுதினேன். பெயர் தெரியாத ஊர்களிலிருந்து பதில்கள் வந்தன. எல்லாம் நல்ல வார்த்தைகள். மூடுபனியைத் திரும்பச் சேர்க்கிறோம் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

மூடுபனி இல்லாத விளையாட்டை இரண்டு கம்ப்யூட்டர்களில் போட்டேன். திணறாமல் ஓடியது. எங்களுடையவையும் பழையவைதானே. அவர்கள் முடிவு சரிதான் என்று தெரிந்தபோது, கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று. மூன்றாவதில் தம்பி வைத்திருந்ததை அப்படியே விட்டுவைத்தேன்.

ஒருநாள் அது மட்டும் காலியாக இருந்தபோது கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி அந்த விளையாட்டை ஆட வந்தாள். அந்த மூன்றாவதைக் கை காட்டினேன்.

"அது வேண்டாங்கக்கா. பனி வந்தா அப்படியே நின்னுக்குது. வேற காலியாகற வரைக்கும் உக்காந்துக்கட்டுங்களா?"

நான் ஒன்றும் பேசவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு, அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.