எலியேசர் சாகடித்த துரை

1918 பங்குனி வரையிலான கணக்கில், பாளையங்கோட்டை எலியேசர் நானூறு ஜெர்மானியரைச் சாகடித்திருந்தார். துப்பாக்கியைத் தொட்டதில்லை. பகலில் வக்கீல் ஆபீசில் பத்திரம் நகல் எடுப்பார். மாலையில் வண்ணார்பேட்டைப் படக் கூடாரத்தில், ஊமைப் படம் ஓடும் திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று, நடப்பதையெல்லாம் கூட்டத்துக்குச் சொல்வார். திரையில் குண்டு விழுந்தால் அவர் வாய்தான் வெடிக்கும்.

போர்ப் படம் என்றால் சனங்களுக்கு ரால்ஃப் கார்வின் என்ற அமெரிக்க நடிகர்தான். அவருக்கு அங்கே 'துரை' என்றே பெயர். எலியேசருக்குப் பிடித்தது துரையின் பாலத்துப் படம். கடைசியில் ஒரு பாலத்தில் துரை மார்பில் குண்டு வாங்கி விழுவார். ஒரு சனிக்கிழமை, அந்த இடத்தில் பெண்கள் விசும்பியது காதில் விழுந்ததும் எலியேசருக்கு வேகம் வந்துவிட்டது.

"இது நடிப்பில்லை, சனங்களே! படம் பிடிக்கையிலேயே துரை நிசமாவே உயிரை விட்டுட்டார்!"

திரையில் அப்படி ஓர் எழுத்தும் இல்லை.

பயறு விற்கும் சுடலைவடிவு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்று நாள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. இழவு வீடாயிற்றே என்று பக்கத்து வீடுகளிலிருந்து கஞ்சி வந்தது.

அடுத்த சனிக்கிழமை புதுப் படம். முதல் காட்சியிலேயே துரை குதிரைமேல் வந்து பல்லைக் காட்டிச் சிரித்தார்.

"வே எலியேசரு, அங்கன நிக்கது யாரு?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"அவரு... தம்பி."

"தம்பிக்கும் தாடையில அதே தழும்பா?"

"ஏட்டி வடிவு, மூணு நாளு கஞ்சி ஊத்துனோமேட்டி!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கூட்டம் அள்ளி எறிந்த மணல் பறந்தது. கூடார முதலாளி மீரா முகைதீன் ஓடி வந்தார். "கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா நாளைக்கு நீரு வரவேண்டாம்வே."

வக்கீல் ஆபீசில் எலியேசர் பேச்சை யாரும் கேட்டதே கிடையாது. கேட்கும் காதெல்லாம் இந்தக் கூடாரத்தில்தான் இருந்தன.

"துரை சாகலை," என்று கத்தினார். "நான்தான் சாகடிச்சேன்!"

"நீ சாகடிச்சா, நீயே எழுப்புலே!" என்றாள் சுடலைவடிவு.

கூடாரமே கைதட்டியது. பாலத்துப் படம் இன்னும் மதராசுக்குத் திரும்பவில்லை, பெட்டியில்தான் கிடந்தது. படம் ஓட்டும் கைலாசத்தைப் பார்த்து எலியேசர் கூவினார்: "அண்ணாச்சி, கடைசிச் சுருளைப் போடும்! கைப்பிடியைத் திருப்பிச் சுத்தும்!"

கைலாசம் பின்னோக்கிச் சுற்றினார். புகை சுருண்டு துப்பாக்கிக்குள் போனது. மண்ணில் கிடந்த துரை விருட்டென்று எழுந்து, உதறாமலே தூசி உதிர, பாலத்தில் பின்னாலேயே நடந்தார். உருண்ட தொப்பி தாவித் தலையில் ஏறியது. செத்த ஜெர்மானியர்களும் துள்ளி எழுந்து அவரோடு பின்னால் ஓடினார்கள்.

"எழுந்தார் பாருங்க! அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போறார்!" எலியேசர் தொண்டை கிழியக் கத்தினார். சுடலைவடிவு குலவை போட்டாள். கூடாரத்துப் பெண்கள் மொத்தமும் போட்டார்கள். புதுப் படம் கேட்பாரற்றுக் கிடந்தது. பாலத்துச் சுருள் அன்று நான்கு முறை பின்னோக்கி ஓடியது.

ஆனி மாதம் கூடாரம் தூத்துக்குடிக்குப் போனது. வக்கீல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எலியேசரும் கூடவே போனார்.