ஏழு மணி இங்கிலீஷ்

மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில், வாரநாட்களில் மாலை ஏழு மணி ஆனதும் எங்கள் வீட்டு வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்துவிடும். அம்மாவிடம் இங்கிலீஷ் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளுடையவை. எல்லாரும் எங்கள் புளோக்கைச் சேர்ந்தவர்கள், என்னைப் போலவே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வகுப்பு நடப்பதே என் வீட்டில் என்பதால் மட்டம் போட வழியே இல்லாத மாணவி நான் மட்டும்தான்.

அம்மா துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிராணியாக இருந்தார். யாரோ சொல்வதை நாள் முழுக்க டைப் செய்து கொடுக்கும் வேலை. ஜாமில் ஊர்ந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, லிஃப்ட் படுத்துக் கிடந்தால் நான்கு மாடியும் ஏறி, சமையலறை சிங்கில் ஒரு கையை ஊன்றிக் கண்ணை மூடியபடி தண்ணீர் குடிப்பார். பிறகு, "முடியலங்க, என்னால முடியல" என்பார். அப்பாவிடம் சொல்வது போலிருக்கும். அப்பா வீட்டில் இல்லாவிட்டாலும் சொல்வார்.

மற்ற டியூஷன்களில் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யவைத்து அப்படியே பரீட்சையில் கொட்டச் சொல்வார்கள். அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் அப்படித்தான், மிருகக்காட்சிசாலைக் கட்டுரையை உருப்போட்டுக்கொண்டு போய், கல்யாண விருந்தைப் பற்றி எழுதச் சொன்ன இடத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கியை நிறுத்திவிட்டு வந்தான். அதற்குப் பிறகுதான் அவனை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அம்மாவிடம் கட்டுரை கிடையாது. வாக்கியம்தான், அதுவும் குட்டி வாக்கியம். மளிகைக் கடைக் காலண்டரின் பழைய தாள்களைத் திருப்பி, சன்னல் கம்பியில் துணி கிளிப்பால் மாட்டி, அதில் எழுதுவார். நாங்கள் அந்த வாக்கியத்தைக் கோடு போட்டு வெட்ட வேண்டும். யாரு? என்ன செய்றாங்க? எதை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்துவிட்டால் எந்த வாக்கியத்துக்கும் பயப்பட வேண்டாம் என்பார். ஒருநாள், "அங்கிள் ரிப்பேர்ஸ் தி லிஃப்ட்" என்று எழுதினார்.

"டீச்சர், இது பொய்" என்றான் ஒட்டகச்சிவிங்கிப் பையன். "எந்த அங்கிளும் லிஃப்ட செய்யல."

"பொய்யா இருந்தா என்னடா? யாருன்னு கேட்டா பதில் வருதா இல்லையா?"

"வருது. ஆனா அந்த அங்கிள்தான் வரமாட்றாரு டீச்சர்."

அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஆன்டி கதவைத் திறந்து பார்த்தார். முக்கால் மணி நேரத்துக்கு முன் சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இதே அம்மாதான். எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. பிள்ளைகளோடு கத்திக் கத்தித்தான் அம்மா இன்னும் களைத்துப் போகிறார் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அவர் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். நல்ல மனிதர். எங்கேயாவது பழுது என்று காதில் விழுந்தால் சரிசெய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் சாப்பிடும்போது, பிசைந்த சோற்றில் கை இருக்க, அம்மா அப்படியே தூங்கிப் போனார். அப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திடீர் மகிழ்ச்சி கொடுக்கப் போகிறாராம். என்னிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே எல்லாப் பெற்றோரும் சேர்ந்து வந்துவிட்டார்கள். சும்மா வரவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை. மூன்றாம் மாடிப் பையனின் அம்மாதான் பேசினார்.

"டீச்சர், இவ்ளோ நாளா எங்க பிள்ளைங்கள உங்க பிள்ளையாட்டம் பாத்துக்கிட்டீங்க. அண்ணன் எல்லாம் சொன்னாரு. இனிமே டியூஷன விட்டுட்டு நல்லா ரெஸ்ட் எடுங்க லா. உங்க உடம்புதான் முக்கியம்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெற்றிலை பாக்கோடு நீட்டிய தட்டை வேண்டாம் என்று எப்படித் தள்ளுவது? 'நான் நிறுத்தச் சொல்லவில்லையே' என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால், வந்தவர்கள் முன்னால் அப்பாவின் முகம் என்ன ஆகும்? அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "எதுக்குங்க இதெல்லாம்" என்றார். எல்லாருக்கும் கோப்பி கலக்கினார்.

புறப்படும்போது அந்தப் பையன் மட்டும் நின்றான். "டீச்சர், நாளைக்கு பாஸ்ட் டென்ஸ்னு சொன்னீங்களே?"

"ஸ்கூல்ல சொல்லித் தருவாங்கடா."

"அவங்க வேகமா சொல்வாங்க டீச்சர்."

அவன் அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தியதும் அப்பா, "எப்படி? தினமும் முடியல முடியலன்னு சொன்னல்ல?" என்றார். மீன்காரரிடம் ஒரு வெள்ளிக்காகப் பாசார்க் கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போடக்கூடிய அம்மா, "ஆமாங்க, சொன்னேன்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

மறுநாள் ஏழு மணிக்கு அம்மா மேசையில் வந்து உட்கார்ந்தார். நான் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்குக் கார்ட்டூன் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"வாயேன், சும்மா ஒரு சென்டன்ஸ் பிரிக்கலாம்" என்றார்.

"இன்னைக்குத்தான் டியூஷன் இல்லையே மா."

"ஆமா, இல்லல்ல" என்றார்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சோபாவில் வந்து சாய்ந்தார். எட்டு மணிச் செய்திக்குள் தூங்கிவிட்டார். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே.

இப்போது நான் சுபாங் ஜெயாவில் வேலை செய்கிறேன். யாரோ சொன்னதை யாருக்கோ மின்னஞ்சலில் எழுதுகிறேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்தால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிப் போகிறேன், நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்திருந்தாலும்.

டியூஷன் நின்ற அந்த வாரம் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். காற்றாடியை அம்மா பக்கம் திருப்பிவைத்தார். "பாத்தியா, எவ்ளோ அசதி இவளுக்கு. முன்னாடியே நிறுத்தியிருக்கணும்" என்று என் காதருகே சொன்னார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வேலை செய்தால்தான் மனிதர்கள் களைத்துப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. அம்மா எழுந்துவிடாமல் இருக்க, சிரிப்பு வந்த இடத்திலெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கார்ட்டூன் பார்த்தேன்.