மண்டபத்து வைஃபையில் ஒரே ஒரு ஃபோன்

ரிங் ரோட்டு ஓரத்தில், வயலை மேடாக்கிக் கட்டிய அந்தப் பெரிய மண்டபத்தை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். தகரக் கூரை, அதற்குக் கீழே இன்னொரு கூரை, சுற்றிலும் கறுப்புக் கண்ணாடி, உள்ளே குளுகுளு ஏசி. காலை வைத்ததுமே ஃபோனில் சிக்னல் செத்துவிடும். "அதுக்குத்தான்க்கா வைஃபை வச்சிருக்கோம்" என்று மண்டப மேனேஜர் பெருமையாகச் சொன்னார். பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு தூணிலும் ஒட்டியிருந்தார். மகராசன்!

அன்று அங்கே காது கேளாதோர் மாநாடு. என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மகளிர் பிரிவுக்கு அவள்தான் தலைவி. எனக்குக் கேட்கும். கேட்கிறவர்கள் பேசுவதைக் கையால் அவளுக்கும், அவள் கையால் சொல்வதை வாயால் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டு சின்ன வயதிலிருந்தே அவள் பின்னால் அலைகிறேன். சம்பளமில்லாத உத்தியோகம். அவர்கள் கையால் பேசியதை இங்கே எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். வேறு எப்படி எழுத?

மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லார் கையிலும் ஃபோன். வர முடியாத சிநேகிதர்களுக்கு மேடையைக் காட்டுகிறார்கள், புதுச் சேலையைக் காட்டுகிறார்கள், ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வம்பளக்கிறார்கள். நாமென்றால் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவோம். இவர்களுக்கு 'சாப்பிட்டியா' என்று கேட்கக்கூட வீடியோ வேண்டும். மதியத்துக்கு முன்பே வைஃபை படுத்துவிட்டது. மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"கல்யாணத்துக்கு எம்புட்டுக் கூட்டம் வந்தாலும் இப்படி ஆனதில்லக்கா. இன்னைக்கு என்னமோ இழுக்குது."

"சத்தமே இல்லாம இழுக்குதுல்ல?" என்று சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான், வாசலோரம் எட்டிப்பார்த்த துளி சிக்னலில், என் ஃபோனில் அந்தக் குறுஞ்செய்தி வந்து விழுந்தது.

அக்கா மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். முறைப்படி விளாங்குடியில் அக்கா வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு இருக்கிறது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாநாடு முடிந்த மறுநாள் அக்கா கிளம்புவதாக இருந்தாள். வயிற்றில் இருந்த பிள்ளைக்கு அதுவரை பொறுமை இல்லை. மகளுக்கும் காது கேட்காது, மாப்பிள்ளைக்கும் கேட்காது. அவர்தான் அனுப்பியிருந்தார்: "ஆபரேஷன் சொல்றாங்க. என்னன்னு புரியல. இவ ஊசி போட விடல. சித்தி வீடியோல வாங்க. சீக்கிரம்."

வீடியோ கால் போட்டேன். சுற்றியது, சுற்றியது, ஒரு படம் வந்து அப்படியே நின்றுபோனது. வெளியே போர்டிகோவுக்கு ஓடினேன். அங்கே ஒற்றைக் கோடு சிக்னல். முகம் தெரிந்தது, கை தெரியவில்லை. அப்புறம் அதுவும் நின்றது. நின்றுபோன படத்தில் இரண்டு நர்சுகள் அவளுடைய இரண்டு கைகளையும் கட்டிலோடு அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அவள் கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவது மாதிரி. அது அங்கே யாருக்கும் தெரியாது.

உள்ளே ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போனாள். மேனேஜரைப் பிடித்துக் கத்தினேன்.

"அண்ணே, எல்லாரையும் வைஃபைலருந்து தூக்குங்க!"

"தூக்குனா திரும்ப வந்து ஒட்டிக்கிறாங்கக்கா. பாஸ்வேர்டை மாத்தணும்னா இதை மாட்டுன ஆளு வரணும். அவரு டவுனுக்குள்ள, சிம்மக்கல்ல இருக்காரு."

"இருந்துட்டுப் போகட்டும்! தூணுல தூணுல ஒட்டத் தெரியுதுல்ல?" என்று வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா சுவரில் இருந்த விளக்கு சுவிட்ச் பெட்டியைத் திறந்துவிட்டாள். காது கேளாதவர்கள் கூட்டத்தில் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். இவள் மொத்த மண்டபத்தையும் இருட்டாக்கி, வெளிச்சமாக்கி, மறுபடி இருட்டாக்கினாள். அத்தனை தலையும் திரும்பியது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையேறினாள். அங்கே உரையாற்றிக்கொண்டிருந்த பெரியவரை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் நின்றாள். கடைசி வரிசைக்கும் தெரியும்படி பெரிது பெரிதாகக் கையை வீசிச் சொன்னாள்:

"என் மக பிரசவத்துல இருக்கா. டாக்டர் சொல்றது அவளுக்குப் புரியல. அவளோட பேசணும். எல்லாரும் வைஃபையை அணைங்க. இப்பவே!"

யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வரிசை வரிசையாக ஃபோன்கள் பைக்குள்ளும் இடுப்புக்குள்ளும் போயின. அணைத்தவர்கள் இரண்டு கைகளையும் வெறுங்கையாகத் தூக்கிக் காட்டினார்கள். எப்படி அணைப்பதென்று தெரியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அணைத்துக் கொடுத்தார்கள். முன் வரிசையில் ஒருத்தர் மட்டும் அக்காவைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். அக்கா முறைத்த முறைப்பில் அவரும் ஃபோனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்ப கால் போட்டேன். பளிச்சென்று வந்தது.

"சிஸ்டர், கையை விடுங்க!" என்று கத்தினேன். "அவ சண்டை போடல. பேசுறா. கைதான் அவளுக்கு வாய். விடுங்க!"

நர்சுகள் விட்டார்கள். டாக்டரம்மா ஃபோனுக்கு நேரே வந்தார். எல்லார் முகத்திலும் மாஸ்க், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை.

"நீங்க யாரும்மா?"

"சித்தி, டாக்டர். நீங்க சொல்லுங்க, நான் அவளுக்குச் சொல்றேன்."

"குழந்தைக்கு இதயத் துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். எழுதிக் காட்டுனேன், பேப்பரைத் தட்டி விட்டுட்டாங்க. இனிமே நேரமில்லம்மா."

அக்கா ஃபோனைப் பிடித்துக்கொள்ள, நான் கையால் சொன்னேன். அக்கா மகள் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே என் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு படபடவென்று கேட்டாள்:

"மயக்க ஊசி போட்டுட்டா? நான் தூங்கிருவேனே. பிள்ள அழுதுச்சா இல்லையான்னு எனக்கு யாரு சொல்லுவா? இவருக்கும் கேக்காதே!"

அவ்வளவு நேரமும் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அந்தக் கையைத்தான் பிடித்து அமுக்கி வைத்திருந்தார்கள். அழாமல் டாக்டரிடம் சொன்னேன். அவர் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு அவள் முகத்துக்கு நேரே குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"முதுகுலதான் ஊசி. இடுப்புக்குக் கீழ மட்டும்தான் மரத்துப்போகும். முழிச்சுத்தான் இருப்பே. எடுத்ததும் முதல்ல உனக்குத்தான் காட்டுவேன்."

நான் அதைச் சொல்லி முடித்ததும் அக்கா மகள் ஒரு கையை டிரிப்ஸ் ஊசிக்கு நீட்டினாள். "ஒரு கை போதும், இன்னொன்னை விட்டுருங்க" என்று நர்சிடம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "போதும், இனி எல்லாரும் போட்டுக்கோங்க" என்று கூட்டத்துக்குச் சொன்னேன். ஒருத்தரும் போடவில்லை. சாப்பாட்டுப் பந்தி ஓடியது. சாம்பார் கையோடு வந்து "என்ன ஆச்சு?" என்று புருவத்தால் கேட்டுவிட்டுப் போனார்கள். மேனேஜர் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதில் தெரியுமாம். "ஒரே ஒரு ஃபோனுதான்க்கா இருக்கு. உங்களுது" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் அவரைத் திட்டியதற்கு வருத்தப்பட்டேன்.

ஃபோன் துடித்தபோது அக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். மாப்பிள்ளை இரண்டு கன்னமும் நனைந்துபோய்ச் சிரித்தார், பிறகு ஃபோனைத் திருப்பினார். அக்கா மகள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் ஒரு சிவந்த மூஞ்சி. ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி இல்லாத கையை மெதுவாகத் தூக்கி, அவள் தன் அம்மாவிடம் சொன்னாள்:

"பொம்பளப் பிள்ளம்மா. வாயை எம்புட்டுப் பெருசாத் தொறந்து அழுதா தெரியுமா! எனக்கு யாருமே சொல்லல. நான்தான் முதல்ல பார்த்தேன். டாக்டருக்கு நான்தான் சொன்னேன், அழுவுறான்னு."